கப்பல் ஓவியர்கள் பாணியில் ஆவாரம்பூவை வரைவது எப்படி?

முதலில் ஒன்று: செடி பக்கத்தில் இருக்கும்போதே படத்தை வண்ணத்தோடு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வேலூர் வெயிலில் பறித்த பூ அதுவரை தாங்காது. பூ வாடுவதற்குள் பென்சில் கோடும் நிறக் குறிப்பும் கையில் இருந்தால் போதும், மீதியை அடுத்த மாதம்கூட வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாம்.

1768-ல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் போன ஓவியர் சிட்னி பார்க்கின்சன் இப்படித்தான் வேலை செய்தார். அதே கப்பலில் வந்த தாவரவியலாளர்கள் பேங்க்ஸும் சோலாண்டரும் கரையிலிருந்து செடிகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். இவர் கோட்டோவியம் போட்டு, ஓர் இலை, ஓர் இதழ் என்று கொஞ்சம் மட்டும் வண்ணம் வைத்து, மற்ற நிறங்களைக் குறிப்பாக எழுதிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார். 1770-ல் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் 14 நாளில் 94 படங்கள்! பசிபிக் தீவான டஹிட்டியில் தாளில் வைத்த வண்ணத்தையே ஈக்கள் தின்றன என்று பேங்க்ஸ் எழுதியிருக்கிறார். ஊர் திரும்பும் வழியில், 1771 ஜனவரியில், கடலிலேயே வயிற்றுக்கடுப்பில் பார்க்கின்சன் இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட படங்களை வேறு ஓவியர்கள் முடித்தது அந்தக் குறிப்புகளை வைத்துத்தான். அதனால் உங்கள் குறிப்பும் இன்னொருவர் படித்தால் புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

சரி, செடிக்கு வருவோம். காட்பாடிப் பக்கமோ அமிர்தி போகும் வழியிலோ ஆவாரை கிடைக்கும். காலையிலேயே பூ, மொட்டு, இலை எல்லாம் உள்ள ஒரு கிளையை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பூவில் ஆரம்பியுங்கள், இலை காத்திருக்கும். ஒரு பூவைப் பிரித்து லென்ஸில் பாருங்கள்: ஐந்து இதழ், பத்து மகரந்தத்தாள், அதில் மேலே உள்ள மூன்று மகரந்தம் தராத மலட்டுத்தாள்கள், கீழே உள்ளவை நீளமாக வளைந்திருக்கும். அந்தக் காலத்தில் தாவரவியலாளர் லின்னேயஸின் முறைப்படி செடியை வகைப்படுத்தியதே மகரந்தத்தாள், சூலகம் இவற்றின் எண்ணிக்கையை வைத்துத்தான், அதனால் இதைத் தனியாகப் பெரிதாக வரையுங்கள். அப்புறம் இலை. ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும் சின்னச் சுரப்பியையும், காம்படியில் சிறுநீரக வடிவில் இருக்கும் அகலமான இலையடிச் செதிலையும் விட்டுவிடாதீர்கள். ஆவாரையை அடையாளம் காட்டுவதே இவைதான்.

நிறத்துக்கு எனக்குப் பிடித்தது இன்னொரு கப்பல் ஓவியரான ஃபெர்டினாண்ட் பாயர் முறை. 1801-ல் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் போனவர், நிறங்களுக்கு எண் கொடுத்து, பென்சில் படத்தின் மேல் அந்த எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார்! நீங்கள் ஒரு தாளில் கட்டம் போட்டு, உங்களிடம் இருக்கும் வாட்டர்கலரில் முப்பது மஞ்சள், பச்சை, பழுப்புக் கலவைகளைத் தீட்டி எண் போட்டு வைத்தால் போதும். எந்த வண்ணத்தோடு எதைக் கலந்தீர்கள் என்பதையும் கட்டத்துக்குக் கீழே எழுதுங்கள். பூவரசம்பூ மாதிரி காலையில் மஞ்சளாக மலர்ந்து பின்னால் சிவந்துபோகிற பூவாக இருந்தால் எண்ணோடு நேரமும் அவசியம்.

வண்ணம் தீட்டும்போது வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். மஞ்சள் இதழின் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், பச்சையடித்துவிடும். தண்ணீராகக் கரைத்த பழுப்பு போதும். தாளின் ஒரு ஓரத்தைக் காலியாக விட்டு, செடி இருந்த இடத்தைக் குறித்துவையுங்கள். தட்டையான காய் வந்ததும் திரும்பப் போய் அதையும் அந்தக் காலி ஓரத்தில் வரைய வேண்டும்.