வரும் வருடத்துக்கு ஃப்ளை ஃபிஷிங் இலக்கு வைப்பது எப்படி

ஃப்ளை ஃபிஷிங் என்றால் பூச்சி போலக் கட்டிய போலி ஈயை நூலில் வீசி மீன் பிடிப்பது. இதற்கு இலக்காக "பெரிய மீன் பிடிப்பேன்" என்று எழுதி வைக்காதீர்கள், அது நம் கையில் இல்லை. என் ஆசை இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றில் ஒரு பிரவுன் ட்ரௌட் மீன். மீன் முட்டையிடும் காலம் என்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி முடியும்வரை அங்கே ட்ரௌட் பிடிக்கத் தடை. சரி, அந்த நாலு மாதமும் பயிற்சிக்கு.

தினமும் 15 நிமிடம் மைதானத்தில் வீசிப் பழகுங்கள். நூல் நுனியில் தூண்டில் முள்ளுக்குப் பதில் கம்பளித் துண்டு, 30 அடி தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டு. கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, நூல் முழுசாக நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீசுங்கள். பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். பத்துக்கு ஆறு தட்டில் விழ வேண்டும், அதுதான் முதல் இலக்கு.

இரண்டாவது, ஒரே ஒரு போலி ஈயைச் சொந்தமாகக் கட்டப் பழகுவது. நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போலிருக்கும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் போதும்.

மீன்வளத் துறை உரிமத்தோடு மார்ச், ஏப்ரலில் போங்கள், கோடை முற்றினால் பனி உருகி ஆறு கலங்கிவிடும். மீன் சிக்கியதும் முதலில் கையை நனையுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். தலை நீரோட்டத்தை எதிர்த்திருக்கும்படி தண்ணீருக்குள்ளேயே மெல்லத் தாங்குங்கள், அதுவாக வாலை அடித்துப் போகட்டும்.