எல்க் வேட்டைல தூரத்து ஷாட்: எது வரைக்கும் சுடலாம்?

அமெரிக்காவுல கொலராடோ, வயோமிங் பக்கம் எல்க்ங்கற பெரிய மான் வேட்டைக்குப் போறவங்க முதல்ல உங்க தூரம் எதுன்னு கண்டுபிடிங்க, துப்பாக்கியோட தூரம் இல்ல. ரேஞ்ச்ல, அதாவது சுட்டுப் பழகுற இடத்துல, பெஞ்ச்ல சாஞ்சு அடிச்சு நெருக்கமா விழுந்த குண்டெல்லாம் கணக்குலயே வராது. பேக்பேக் மேல வச்சு, உக்காந்து, கொஞ்சம் மூச்சு வாங்க ஏறிட்டு வந்து, ஆறின பேரல்ல முதல் குண்டு 10 இஞ்ச் பேப்பர் தட்டுல ஒவ்வொரு தடவையும் விழுதா? எந்த தூரத்துல தவற ஆரம்பிக்குதோ அதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க.

500 யார்ட்ல குண்டு போய்ச் சேர அரை செகண்டுக்கு மேல ஆகும், அதுக்குள்ள எல்க் ஒரு அடி எடுத்து வச்சா குண்டு வயித்துலதான், அப்புறம் அது மணிக்கணக்குல துடிக்கும். காத்து இன்னும் மோசம், மணிக்கு 10 மைல் வேகத்துல குறுக்க அடிச்சா அதே 500 யார்ட்ல 6.5 கிரீட்மோர்ங்கற ரைஃபிள் தோட்டாவோட குண்டையே ஒரு அடிக்கு மேல தள்ளிடும், காத்து அளக்கற மீட்டர் நீங்க நிக்கிற இடத்து காத்தைத்தான் காட்டும், அதனால நடுவுல இருக்கற பள்ளத்துல புல் எப்படி சாயுதுன்னு பாருங்க.

கிட்ட போக முடிஞ்சா போங்க, சோம்பேறித்தனத்துக்கு ஸ்கோப் மருந்தில்ல.

சுட்டதும் எழுந்து ஓடாதீங்க. எல்க் நின்ன இடத்துல இருக்கற மரத்தை போன்ல போட்டோ எடுத்துக்கங்க, அங்க போனா எல்லா மரமும் ஒண்ணா தெரியும். தவறிடுச்சுன்னு தோணினாலும் போய் ரத்தம், முடி தேடிப் பார்த்தே ஆகணும்.