சொந்த நியூரோசயின்ஸ் லேப்புக்கு முதல் கிராண்ட் எழுதறீங்களா? இந்தத் தப்புகளைப் பண்ணிடாதீங்க

போஸ்ட்டாக் (பிஹெச்டிக்கு அப்புறம் இன்னொருத்தர் லேப்ல பண்ற ஆராய்ச்சி) முடிச்சு புதுசா லேப் ஆரம்பிக்கிறவங்க எழுதற முதல் அப்ளிகேஷன்ல ஐடியா பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். ஆனா ரிவ்யூவர் பாக்கிறது ஐடியாவ மட்டும் இல்ல, இந்த ஆளு, கையில இருக்கிற ரெண்டு மூணு பேர வச்சுக்கிட்டு, இந்த நாலஞ்சு வருஷத்துக்குள்ள இத முடிப்பாரான்னுதான் படிச்சுட்டே இருக்கும்போது யோசிப்பாங்க, அதுக்கு பதில் இல்லன்னா எவ்ளோ நல்ல ஐடியாவா இருந்தாலும் அடிபட்டுரும்.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு மென்டரோட (போஸ்ட்டாக் பண்ணின லேப்போட தலைவரோட) ப்ராஜெக்ட்டையே இழுத்து நீட்டி எழுதறது. அதே மூளைப் பகுதி, அதே மவுஸ் லைன் (ஒரே மரபணு வகை எலி), அதே டெக்னிக், கேள்வி மட்டும் லேசா மாறியிருக்கும். இத அந்தப் பெரிய லேப்பே இன்னும் வேகமா பண்ணிடுமே, உங்களுக்கு எதுக்கு தனியா காசுன்னு ரிவ்யூவர் கேட்டா என்ன சொல்வீங்க? அதனால லேப்ப விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே மென்டர்கிட்ட உக்காந்து எது உங்களது எது அவரதுன்னு பேசி முடிச்சுருங்க, பேசினத அவர் சிபாரிசு லெட்டர்லயும் எழுதித் தரச் சொல்லுங்க. "ரொம்பத் திறமைசாலி"ன்னு ஒரு பக்கம் புகழ்றத விட "இந்தக் கேள்விய இவர் எடுத்துட்டுப் போறார், எங்க லேப் இதுல இறங்காது"ன்னு ஒரே வரி இருந்தா அதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

அடுத்தது எய்ம்ஸ், அதாவது ப்ராஜெக்ட்டோட குறிக்கோள்கள் எழுதற விதம். முதல் எய்ம்ல ஒரு நியூரான் கூட்டத்தக் கண்டுபிடிப்போம், ரெண்டாவதுல அத ஆப்டோஜெனடிக்ஸ் (ஒளியால நியூரான கட்டுப்படுத்தற முறை) வச்சு ஆஃப் பண்ணுவோம், மூணாவதுல நோய் மாடல்ல பாப்போம்னு எழுதுவாங்க. முதல் எய்ம்ல எதுவும் கிடைக்கலன்னா மிச்ச ரெண்டும் காலி, ரிவ்யூவர் இதத்தான் முதல்ல பிடிப்பாங்க. ஒரே கேள்விய வேற வேற பக்கத்துல இருந்து தொடுற மாதிரி ரெண்டு மூணு எய்ம் போதும், எந்த ரிசல்ட் வந்தாலும் அதுல ஏதாவது தெரிஞ்சுக்கலாம்கிற மாதிரி வைங்க.

டைம்லைன்ல எல்லாருமே அளவுக்கு மீறி நம்பிக்கையா இருக்காங்க. ஒரே ஒரு எலிய எடுத்துக்கோங்க. சர்ஜரி பண்ணி ஜிகேம்ப் (நியூரான் வேலை செய்யறப்ப ஒளிர்ற புரோட்டீன்) வைரஸ் போட்டு, மூளையப் பாக்க மண்டையோட்டுல கண்ணாடி ஜன்னல் வச்சா எக்ஸ்ப்ரஷன் (அந்தப் புரோட்டீன் உருவாகறது) நல்லா வரவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், அப்புறம் தலைய ஃபிக்ஸ் பண்ணி நிக்கப் பழக்கணும், டாஸ்க் கத்துக் குடுக்க இன்னும் பல வாரம், இவ்ளோ பண்ணின பிறகும் சில எலில ஜன்னல் மங்கிரும், சிலது டாஸ்க்க கத்துக்கவே கத்துக்காது. இதுக்கெல்லாம் முன்னாடி அனிமல் எதிக்ஸ் அனுமதி வரணும், மைக்ராஸ்கோப் வந்து செட் ஆகணும், ஆள் கிடைக்கணும். முதல் வருஷத்துலயே முதல் எய்ம் முடிஞ்சுரும்னு போட்டீங்கன்னா இவரு லேப் நடத்தினதே இல்லன்னு பளிச்சுனு தெரிஞ்சுரும்.

சேம்பிள் சைஸ் விஷயத்துல அலட்சியமா இருக்காதீங்க ப்ளீஸ். 6 எலி, ஒவ்வொண்ணுலயும் 40 நியூரான், ஆக சேம்பிள் சைஸ் (n) 240ன்னு எழுதறத இன்னும் நிறைய இடத்துல பாக்கலாம். ஒரே எலில இருக்கிற நியூரான்கள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத சேம்பிள் கிடையாது, எது எந்த எலியோடதுன்னும் கணக்குல எடுக்கிற மிக்ஸ்ட் எஃபெக்ட்ஸ் மாதிரி மாடல் வச்சுத்தான் பாக்கணும். 2013ல கேத்தரின் பட்டன் குழு நியூரோசயின்ஸ் ஆய்வுகளோட ஸ்டாட்டிஸ்டிகல் பவர் (உண்மையான விளைவு இருந்தா அதக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு) மீடியன் சுமார் 21 சதவீதம்தான்னு காட்டினதுக்கு அப்புறம் பவர் கால்குலேஷன் இல்லாத அப்ளிகேஷன ரிவ்யூவர்ஸ் சும்மா விடறது இல்ல. ஆண் பெண் ரெண்டு எலியும் சேர்க்கணும், இல்லன்னா ஏன் இல்லன்னு காரணம் சொல்லணும், அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிதி அமைப்பான என்ஐஎச்ல 2016ல இருந்து இது விதி.

தகுதிக் காலத்துல ஏமாந்துராதீங்க. என்ஐஎச்ல ஏர்லி ஸ்டேஜ் அந்தஸ்து (புதுசா ஆரம்பிக்கிற ஆய்வாளருக்கான சலுகை) பிஹெச்டியோ கிளினிக்கல் ட்ரெயினிங்கோ, எது கடைசியோ அது முடிஞ்சு 10 வருஷம் வரைக்கும்தான். ஆர்21 மாதிரி சின்ன கிராண்ட் வாங்கினா இந்த அந்தஸ்து போயிரும்னு பயந்து போடாமலே இருக்காங்க, அது தப்பு, போகாது. ஆனா சீனியர் ஒருத்தரோட சேர்ந்து கூட்டு பிஐயா (தலைமை ஆய்வாளரா) ஆர்01ங்கற பெரிய கிராண்ட் வாங்கினீங்கன்னா போயிரும், இத யாரும் முன்கூட்டியே சொல்றது இல்ல. குழந்தை பிறந்திருந்தா என்ஐஎச்ல ஒரு வருஷம், ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சிலான இஆர்சில அம்மாக்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாசம் கூடுதலா கிடைக்கும், கேட்டு வாங்குங்க. விதி மாறிட்டே இருக்கும், அதனால அந்த வருஷத்து அறிவிப்பத்தான் படிக்கணும்.

பட்ஜெட்ல சம்பளம், கருவி, கெமிக்கல் எல்லாம் போட்டுட்டு எலிக் கூண்டுக்கு தினசரி ஆகற செலவையும் லேசர் சர்வீஸ் கான்ட்ராக்ட்டையும் மறந்துருவாங்க. ப்ரீடிங் காலனி (இனப்பெருக்கத்துக்கு வளக்கிற எலிக் கூட்டம்) வச்சா கூண்டுச் செலவு மட்டுமே பயங்கரமா ஏறும். செலவக் குறைச்சுக் காட்டினா சிக்கனம்னு யாரும் பாராட்ட மாட்டாங்க, திட்டம் புரியலன்னுதான் நினைப்பாங்க.

எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்க எய்ம்ஸ நிதி குடுக்கிற ஏஜென்சியோட ப்ரோக்ராம் ஆஃபீசருக்கு அனுப்பிக் கேளுங்க, தொந்தரவுன்னு தயங்காதீங்க, அது அவங்க வேலைதான். உங்க ஃபீல்டுக்கு வெளிய இருக்கிற ஒருத்தர்கிட்டயும் குடுங்க, ஏன்னா ரிவ்யூ பேனல்ல பாதிப்பேர் நீங்க ஆராயற மூளை சர்க்யூட் பேரயே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. யுனிவர்சிட்டி கிராண்ட் ஆஃபீஸ் டெட்லைன் ஏஜென்சி டெட்லைனுக்கு பல நாள் முன்னாடியே வரும், அதையும் பாத்து வச்சுக்கோங்க.

ரிஜெக்ட் ஆச்சுன்னா உடனே பதில் எழுத உக்காராதீங்க. கமெண்ட்ஸ ரெண்டு வாரம் தள்ளி வச்சுட்டு படிங்க, ரெண்டு ரிவ்யூவர் ஒரே விஷயத்தச் சொல்லியிருந்தா அத கண்டிப்பா மாத்துங்க, ஒருத்தர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தாலும் நீங்க எழுதினதுல எந்த வரி அப்படிப் புரிய வச்சுச்சுன்னு தேடுங்க. என்ஐஎச்ல திருத்தி திரும்ப அனுப்ப 37 மாசம் டைம் இருக்கு, அதுக்குள்ள அவங்க சந்தேகப்பட்ட அந்த ஒரு எக்ஸ்பெரிமென்ட்ட மட்டுமாவது சொந்த லேப்ல செஞ்சு டேட்டாவோட அனுப்புங்க.