சாய்ஸ் போடும் முன் ஒரு நாள் அந்தக் கல்லூரி வாசலில் நில்லுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், சொந்தக்காரர்களிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும். "கட் ஆஃப் 168, இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எந்த காலேஜ் போடலாம்?" கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்கு எவ்வளவு என்பது மட்டும் கையில் இருக்கும். கல்லூரியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது ரோட்டோர பேனர்தான்.

என் அக்கா மகளை அப்படித்தான் சேர்த்தோம். "100% பிளேஸ்மென்ட்" என்று போட்டிருந்தார்கள், நம்பினோம். நாலாம் வருடம்தான் கணக்கு புரிந்தது. வகுப்பில் 120 பேர் என்று வையுங்கள். அரியர் இருப்பவர்கள், பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ 60 சதவீதம் இல்லாதவர்கள் எல்லோரையும் முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். மீதி 50 பேர். அந்த 50 பேருக்கும் வேலை கிடைத்தால் அதுதான் நூறு சதவீதம். ஒரே பையன் மூன்று ஆஃபர் வாங்கினால் மூன்றாக எண்ணுவதும் உண்டு. அதனால் கல்லூரியில் கேட்கும்போது "இந்தத் துறையில் போன வருடம் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அதில் எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள், நடுவில் இருக்கும் மாணவனுக்கு என்ன சம்பளம்" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அதிகபட்ச சம்பளம் ஒரு ஆளுடையது, அது உங்கள் பிள்ளைக்கு எதையும் சொல்லாது.

அப்புறம், வேலை நாளில் நேரில் போங்கள். அட்மிஷன் ஆபீஸில் உட்கார வைத்து காபி கொடுப்பார்கள், அதோடு திரும்பிவிடாதீர்கள். வாசலில் இருக்கும் டீக்கடையில் சாயங்காலம் நாலரை மணிக்கு நின்றால் கடைசி வருடப் பிள்ளைகள் வருவார்கள். "தம்பி, என் பொண்ணை இங்கே சேர்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். எந்தெந்த கம்பெனி கேம்பஸுக்கே வந்தது, எதற்கெல்லாம் பஸ் பிடித்து வேறு கல்லூரிக்குப் போனார்கள், எந்தப் பாடத்துக்கு வருடத்தில் மூன்று ஆசிரியர் மாறினார்கள், எல்லாம் அங்கே கிடைக்கும். லேபையும் பாருங்கள். ஒரு கல்லூரியில் நான் பார்த்த லேத் மெஷினில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, கீழே ஒரு இரும்புத் துருவல் இல்லை. பிள்ளைகள் தொட்ட மெஷின் அப்படி இருக்காது.

ஆசிரியர்கள் விஷயத்தில் கூடுதலாகக் கவனியுங்கள். ஒரே ஆசிரியரின் பெயரைப் பல பொறியியல் கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியது 2024இல் ஊழலுக்கு எதிராகச் செயல்படும் அறப்போர் இயக்கம் மூலம் வெளியே வந்தது. துறையின் வலைப்பக்கத்தில் இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொண்டு போய், இவர்கள் உங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்களா என்று மாணவர்களிடமே கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று புதிதாகத் தொடங்கிய துறைகளுக்கு இது இன்னும் அவசியம். கல்லூரிகளின் தரத்தைப் பார்த்து தேசிய அளவில் இரண்டு அமைப்புகள் அங்கீகாரம் தருகின்றன: என்பிஏ (NBA) அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி, நாக் (NAAC) முழுக் கல்லூரிக்கு. நாக் நன்றாக இருக்கிறது என்பதற்காக நீங்கள் கேட்கும் துறையும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் ஒருமுறை பாருங்கள்.

சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, நல்ல கல்லூரியில் இ.இ.இ.யா (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் பல கம்பெனிகள் எல்லாத் துறை மாணவர்களையும் தேர்வு எழுத விடுகின்றன. ஆனால் கம்பெனி வராத கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்தாலும் கேம்பஸில் அந்த வாய்ப்பு இல்லை.

கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங்கில், கிடைக்குமோ கிடைக்காதோ என்று பார்க்காமல் உண்மையிலேயே எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்துதான் பார்ப்பார்கள், மேலே ஆசைப்பட்டதைப் போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் போன வருடக் கட் ஆஃப் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது, உங்கள் சமூகப் பிரிவுக்கானதைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் கல்லூரிக் குறியீட்டு எண்ணை எழுதி வைத்துச் சரிபாருங்கள்.

பயத்தில் முன்கூட்டியே பணம் கட்டி மேனேஜ்மென்ட் சீட் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 7.5% ஒதுக்கீட்டில் சீட் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ரிசல்ட் வந்த வாரத்திலேயே முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி நாளில் அங்கே நிற்க இடம் இருக்காது.