அளக்காத கிணற்றுக்கும் ஆழம் சொல்லும் மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதக்கணக்கில் அளந்தால், அட்டவணையில் வெற்றுக் கட்டங்கள் கட்டாயம் விழும். ஒரு வீட்டில் படலை பூட்டியிருக்கும். இன்னொரு வீட்டில் கிணறு வற்றியிருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி வெறுமையாக விடுவதில்தான் பிழை தொடங்குகிறது. பூட்டிய வீட்டுக் கிணற்றைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. வற்றிய கிணற்றில் நீர் கிணற்றின் அடிமட்டத்துக்கும் கீழே போய்விட்டது என்றாவது தெரியும். அதைக் குறிக்க அட்டவணையில் தனி நிரல் (column) ஒன்று வையுங்கள்.

வெற்றுக் கட்டத்தில் 0 போடுவது இன்னும் மோசம். நிலத்திலிருந்து கீழ்நோக்கி அளப்பவருக்கு 0 மீற்றர் என்றால் கிணறு நிலமட்டம் வரை நிரம்பி நிற்கிறது என்று பொருள். -999 போட்டாலும், சொல்லி வைக்காவிட்டால் மென்பொருள் அதையும் ஓர் எண்ணாகவே கணக்கில் எடுக்கும்.

சரி, ‘நேன்’ (NaN, ‘எண் அல்ல’ என்ற குறி) என்றே விட்டால்? அங்கேதான் ஒவ்வொரு மென்பொருளும் தன்பாட்டுக்கு ஒரு முடிவு எடுக்கிறது. ஒரு கிணற்றில் ஒக்டோபர் 1ஆம் திகதி 5.2 மீற்றர், 3ஆம் திகதி அளவு இல்லை, 31ஆம் திகதி 2.2 மீற்றர் என்று வைப்போம். பைதான் மொழியின் அட்டவணைக் கருவியான பாண்டாஸில் (pandas) இடைக்கணிப்பை, அதாவது இரு அளவுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கணித்து நிரப்புவதை, இயல்பான ‘லீனியர்’ (நேர்கோட்டு) முறையில் விட்டால், அது திகதியைப் பார்க்காது. வரிகள் சம இடைவெளியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு 3.7 என்று நிரப்பும். திகதியை அட்டவணையின் சுட்டியாக (index) வைத்து ‘டைம்’ முறையைக் கேட்டால் வருவது 5.0. மாரி மழையில் மட்டம் ஏறும் காலத்தில் 1.3 மீற்றர் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. தொடரின் தொடக்கத்தில் உள்ள வெற்றிடங்களைப் பாண்டாஸ் அப்படியே விடும்; கடைசியில் உள்ளவற்றில் இறுதி அளவையே திரும்பத் திரும்ப எழுதிவிடும். ‘லிமிட் ஏரியா’ (limit_area) என்ற அமைப்புக்கு ‘இன்சைட்’ என்று கொடுத்தால் இது நிற்கும்.

பைதானின் எண்கணக்குக் கருவியான நம்பையின் (NumPy) ‘இன்டர்ப்’ என்ற இடைக்கணிப்பு வேறு ரகம். அளவுப் பட்டியலில் நேன் இருந்தால் அதை ஒட்டிய இடைவெளிகள் நேனாகும், அது நல்லதுதான், கண்ணில் படும். நேரப் பட்டியலில் நேன் இருந்தால் சத்தமே இல்லாமல் தவறான விடை வரலாம். இன்னொரு பைதான் கருவியான சைபையின் (SciPy) ‘கியூபிக் ஸ்ப்ளைன்’, அதாவது புள்ளிகள் வழியே வளைகோடு வரையும் முறை, நேனைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு இந்தப் பிடிவாதம்தான் பிடிக்கும். அதே சைபையின் ‘யூனிவேரியேட் ஸ்ப்ளைனி’ல் நேன் உள்ள புள்ளியின் எடையை (கணக்கில் அதற்குத் தரும் முக்கியத்துவத்தை) 0 ஆக்கினால் மட்டும் போதாது. 0ஐ நேனால் பெருக்கினாலும் நேன்தான். அந்த இடத்தில் ஏதாவது ஓர் எண்ணையும் வைக்க வேண்டும்.

நேனைத் தேடும்போது சமக்குறி போட்டுப் பார்க்காதீர்கள். கணினி தசம எண்களைக் கையாள்வது பற்றி 1985இல் வந்த ஐஇஇஇ 754 (IEEE 754) நியமப்படி நேன் தனக்கே சமமில்லை. அதற்கென்றே ‘இஸ்நேன்’ (isnan) இருக்கிறது.

அப்புறம் வரைபடம். புள்ளி அளவுகளை வரைபடப் பரப்பாக விரிக்கும் சைபையின் ‘கிரிட்டேட்டா’ (griddata), லீனியர் முறையில் புள்ளிகளின் வெளி எல்லைக்கு அப்பால் நேன் தரும், ‘நியரெஸ்ட்’ (மிக அருகிலுள்ள அளவை எடுக்கும் முறை) அங்கேயும் நிரப்பிவிடும். ஆனால் எல்லைக்குள் இருக்கும் நீர்ப்பரப்பை இரண்டுமே அறியாது. அச்சுவேலிக் கிணறுகளையும் கரவெட்டிக் கிணறுகளையும் சேர்த்துக் கொடுத்தால், இடையில் கிடக்கும் தொண்டைமானாற்று நீரேரியிலும் கிணற்று ஆழம் வரைந்து தரும். நீரேரியின் எல்லையை வைத்து அந்தப் பகுதியை நீங்களேதான் வெட்டிவிட வேண்டும்.