மின் ஸ்கூட்டர் பேட்டரி: பராமரிப்பது எப்படி, மாற்றுவதா மேம்படுத்துவதா என்று முடிவு செய்வது எப்படி

மின் ஸ்கூட்டர் வாங்கி மூன்று, நான்கு ஆண்டுகள் ஆனவர்களில் பலருக்கு இப்போது ஒரே கவலைதான். முன்பு ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 40 கிலோமீட்டரிலேயே படுத்துவிடுகிறது. வண்டியில் இருக்கும் பாகங்களிலேயே விலை உயர்ந்தது பேட்டரிதான் என்பதால், கடைக்காரர் ஒரு சொல் சொன்னதும் மாற்றிவிடும் பொருள் அல்ல அது. அதில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு வீட்டிலேயே எளிய வழி உண்டு.

லித்தியம் பேட்டரி ஓட ஓடத் தேய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடாமல் சும்மா நின்றாலும் தேய்கிறது என்பதும், அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துபவை வெப்பமும் முழு சார்ஜும் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில், நூறு விழுக்காடு சார்ஜ் ஏற்றிய வண்டியைத் தகரக் கொட்டகையின் கீழ் காலை முதல் மாலை வரை நிறுத்தி வைப்பது இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. ஆகவே நிழலில் நிறுத்துவதும், வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு பிளக்கைச் செருகாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிடுவதும் செலவே இல்லாத பராமரிப்பு. அன்றாட ஓட்டத்துக்கு 80 அல்லது 90 விழுக்காடு போதுமானால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்; 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதையும் இயன்றவரை தவிர்க்கலாம்.

ஆனால் எப்போதுமே 80 விழுக்காட்டில் நிறுத்துவதும் சரியல்ல. பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் கட்டுப்பாட்டுப் பலகை, வரிசையாக இணைக்கப்பட்ட செல்களின் வோல்ட்டேஜைச் சமப்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் சார்ஜ் முடியும் தறுவாயில்தான் செய்கிறது. மாதத்துக்கு ஓரிரு முறை முழுதாக சார்ஜ் ஏற்றி, அதன் பின்னும் சிறிது நேரம் பிளக்கிலேயே விட்டு வைத்தால் அந்த வேலை நிறைவடையும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை லித்தியம் பேட்டரிகளுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றின் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், முழு சார்ஜைத் தொடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் திரையில் தெரியும் விழுக்காடு உண்மையை விட்டு விலகிப் போய்விடும். ஊருக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து வருவதாக இருந்தால் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டுச் செல்லுங்கள். ஈய அமில பேட்டரிக்கு இந்த அறிவுரை அப்படியே தலைகீழ்: அதை ஓட்டி முடித்த அன்றே முழுதாக சார்ஜ் ஏற்ற வேண்டும், குறை சார்ஜில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, கொள்ளளவு திரும்பாமலே போய்விடும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். வீட்டின் ஒரே வாசலை மறித்து நிற்கும் இடத்தில் ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் போடாமல், எர்த் இணைப்புள்ள தனி பாயின்ட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் போடுங்கள். 2023 டிசம்பரில் சென்னையில் வந்தது போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால், வெளியே காய்ந்துவிட்டது என்பதை நம்பி சார்ஜ் போடக் கூடாது. சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதித்த பிறகே போட வேண்டும். உப்பிய, நசுங்கிய, இனிப்பு வாடை வீசும் பேட்டரிக்கும் இதே விதிதான்.

ஓடும் தூரம் குறைந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டயரில் காற்று குறைந்திருக்கலாம். பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருக்கலாம். சென்டர் ஸ்டாண்டைப் போட்டு, வண்டியை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். வண்டி உயிரே இல்லாமல் கிடந்தால், விளக்குக்கும் திரைக்கும் மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்திருக்கக்கூடும். பல வண்டிகளில் அப்படி ஒன்று தனியாக இருக்கிறது. அதன் விலை பெரிய பேட்டரியின் விலையோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. சார்ஜரையும் பாருங்கள். 13 செல் வரிசை கொண்ட 48 வோல்ட் என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த மற்றொரு லித்தியம் வகை) பேட்டரிக்கு உரிய சார்ஜர் 54.6 வோல்ட் தர வேண்டும். மல்டிமீட்டரில் 52 காட்டினால் பேட்டரி தினமும் அரைகுறையாகவே நிரம்புகிறது என்று பொருள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அளவெடுக்கலாம். சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் இடையே செருகும் சிறிய யூனிட் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றியே ஓட்டி, வண்டி தானாக நிற்கும் வரை சார்ஜை இறக்குங்கள். ஆறவிட்டு, தாமதிக்காமல் முழுதாக ஏற்றுங்கள். 48 வோல்ட், 24 ஆம்பியர் ஹவர் பேட்டரியின் கொள்ளளவு 1,152 வாட் ஹவர், அதாவது 1.15 யூனிட். மீட்டர் 0.95 யூனிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜரிலேயே ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு வெப்பமாகப் போய்விடுவதால், பேட்டரிக்குள் சென்றது சுமார் 0.84 யூனிட், எஞ்சியிருக்கும் கொள்ளளவு 73 விழுக்காடு. பெரிய நிறுவன வண்டிகளில் இந்த எண்ணை பி.எம்.எஸ்.ஸிலிருந்தே எடுத்துத் தரச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். வாய்மொழியாக அல்லாமல் அச்சிட்டு வாங்குங்கள்.

75 விழுக்காடு இருக்கும் பேட்டரியை, அன்றாடம் 20 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர் மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை என்றே நான் கருதுகிறேன். அவர் செய்ய வேண்டியது வாரன்டி தாளை எடுத்துப் பார்ப்பது. 8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பொறுப்பேற்கும் திட்டங்கள் சந்தையில் இருக்கின்றன. மூன்று ஆண்டோடு முடிந்துவிடும் திட்டங்களும் இருக்கின்றன. வெளியில் ஒருவரிடம் கொடுத்து பேட்டரியின் முத்திரையைப் பிரித்தால் அந்த உரிமை போய்விடும். திரையில் 30 விழுக்காடு இருக்கும்போதே மேம்பாலம் ஏறுகையில் வண்டி திடீரென்று நின்று, சற்று நேரத்தில் மீண்டும் கிளம்பினால், ஒரு செல் தொகுதி மட்டும் பலவீனமாகியிருக்கலாம். அந்தத் தொகுதிக்குப் பதில் புதிய செல்களை வைத்துத் தருவதாகச் சொல்வார்கள். பழையதும் புதியதும் ஒரே வரிசையில் ஒத்துப்போகாது என்பதால் அதற்குப் பணம் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பழுது பி.எம்.எஸ். பலகையிலோ இணைப்புக் கம்பியிலோ மட்டும் இருந்தால் பழுதுபார்ப்பது நியாயமானது.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், அதே வோல்ட்டேஜ், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கேட்கும் ஆம்பியரைத் தாங்கும் பி.எம்.எஸ்., மின் வண்டி பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரச் சான்று, தயாரித்த மாதம் அச்சிட்ட லேபிள், ஜி.எஸ்.டி. பில் ஆகிய அனைத்தையும் கேட்டுப் பெறுங்கள். கிடங்கில் நெடுநாள் கிடந்த பேட்டரியும் வயதான பேட்டரிதான்.

மேம்படுத்துவதில் உண்மையாகவே பலன் தருவது, ஈய அமிலத்திலிருந்து லித்தியத்துக்கு மாறுவது. எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆயுளும் பன்மடங்கு கூடும். அப்போது சார்ஜரையும் கட்டாயம் மாற்ற வேண்டும். 48 வோல்ட் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், 16 செல் எல்.எஃப்.பி. பேட்டரியின் சார்ஜர் 58.4 வோல்ட் தரும். அதை 13 செல் என்.எம்.சி. பேட்டரியில் செருகினால், 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 4.5 வோல்ட்டை நோக்கித் தள்ளப்படும், தடுப்பதற்கு பி.எம்.எஸ். மட்டுமே மிஞ்சும். பெட்டியில் இடமிருந்தால் அதே வோல்ட்டேஜில் கூடுதல் ஆம்பியர் ஹவர் வைக்கலாம். பழைய பேட்டரியோடு புதியதை இணையாகக் கட்டி ஓட்டக் கூடாது. 48 வோல்ட் வண்டியில் 60 வோல்ட் வைத்து வேகம் கூட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கன்ட்ரோலரின் பாகங்கள் அந்த வோல்ட்டேஜைத் தாங்காமல் வெடிக்கலாம்; தவிர, பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்ற சலுகை 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டுமே உரியது.

புதிய பேட்டரியின் விலை, வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் தொகையைத் தாண்டுமானால், எக்ஸ்சேஞ்சில் புது வண்டி எடுப்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியோடு வரும் மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கு 18 விழுக்காடு. எந்த முடிவானாலும் கழற்றிய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்து, அதற்கான தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.