தேர்வுக் காலத்தில் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

பொறியியல் இரண்டாம் ஆண்டில், வெப்ப இயக்கவியல் தேர்வுக்கு முந்தைய மூன்று இரவுகளும் நான் இரண்டிரண்டு மணி நேரம்தான் தூங்கினேன். தேர்வுக் கூடத்தில் கேள்வியைப் பார்த்ததும், விடைக்கான சூத்திரம் இடது பக்கத்தின் அடியில் இருப்பதும், அதைப் பச்சை மையால் கோடிட்டிருப்பதும் நினைவுக்கு வந்தன. சூத்திரம் மட்டும் வரவே இல்லை. அதன்பிறகு நான் மாற்றிக்கொண்ட முறை இது.

முதலில் எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள். என்னுடையது காலை 6.30, விடுமுறையிலும் அதேதான். அங்கிருந்து ஏழரை மணி நேரம் பின்னோக்கி எண்ணினால் இரவு 11. அப்படியானால் 10.30க்குப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். மூடும் முன் ஒரு துண்டுச் சீட்டில் நாளைய முதல் வேலையை எழுதுங்கள்: 'நான்காம் பாடம், ஏழாம் கணக்கு' என்கிற அளவுக்குத் துல்லியமாக. எழுதாத நாட்களில் அந்தக் கணக்கு படுக்கை வரை என்னோடு வந்தது.

நேரம் வீணாகிறதே என்று பதறாதீர்கள். 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியலாளர்கள் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். படித்தபின் விழித்திருந்த நேரத்தைவிட, அதே அளவு நேரம் தூங்கி எழுந்தபோது அவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது, கனவுறக்கம் விடியலை நெருங்கும்போது நீள்கிறது. நாலு மணிக்கு அலாரம் வைப்பவர் இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

"எனக்கு ஆறு மணி நேரம் பழகிவிட்டது" என்று சொல்லாதவர்கள் எங்கள் விடுதியில் குறைவு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவுகள் வரை தூங்காதவர்களுடைய அளவுக்குச் சரிந்தது. அவர்களோ தங்களுக்குச் சற்றுத் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தார்கள். எனவே உங்கள் உணர்வை நம்பாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, இப்போது படித்த பக்கத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருமுறை படித்தும் நான்கு வரி வரவில்லையென்றால் அன்றைய படிப்பு முடிந்துவிட்டது. மறுநாள் காலை நாற்பது நிமிடத்தில் அதே பக்கம் எனக்குப் பிடிபட்டிருக்கிறது.

கடைசிக் காப்பியைப் பகல் இரண்டு மணிக்குள் குடித்துவிடுங்கள். காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

தவிர்க்கவே முடியாத இரவும் வரும். அப்போது முதலில் தூங்கிவிட்டுப் பிறகு எழுந்து படியுங்கள். நாலரை மணி நேரமாவது தூங்குங்கள். மறுநாள் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் கண்ணயருங்கள். வண்டி ஓட்டாதீர்கள், தயவுசெய்து. தூங்காமல் விழித்திருந்தவரின் கைகள் மது அருந்தியவரின் கைகளைப் போலவே தாமதிக்கின்றன.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது எதிர் அறை விளக்குதான். அது எரியும்போது படுக்கப்போனால் ஏதோ தவறு செய்வதுபோல இருக்கும். ஒரு நாள் அந்த அறைத் தோழியிடமே கேட்டேன். என் விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் தானும் விழித்திருப்பதாகச் சொன்னாள். அன்றிலிருந்து இருவரும் 10.30க்கு ஒன்றாக அணைத்தோம்.

ஒரே நாளில் மூன்று ஒப்படைப்புகள் விழுந்தால் தனியாகப் போராடாதீர்கள். நாங்கள் நான்கு பேர் தேதிகளை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதுவரை மற்ற இரண்டைப் பற்றி அறிந்திருக்கவில்லை. ஆய்வக அறிக்கையை நான்கு நாட்கள் தள்ளிவைத்தார்.